நாகஸ்வரம் வாசித்துக் கீழ் உதட்டின் உள்ளே புண்: தை முகூர்த்தத்துக்குள் ஆறுமா?

இரண்டாம்வருடம்:

எல்லோருக்கும் வணக்கம். அரசு இசைப்பள்ளியில் நாகஸ்வரம் இரண்டாம் வருடம் படிக்கிறேன், வயது 19. மார்கழி பிறந்ததிலிருந்து எங்கள் ஊர்க் கோயிலில் காலை நாலரை மணிக்கு வாசிக்கப் போகிறேன். அது முடிந்து வகுப்பு, சாயங்காலம் வீட்டில் சாதகப் பயிற்சி. பத்து நாளாகக் கீழ் உதட்டின் உள்பக்கம் புண். கண்ணாடியில் மடித்துப் பார்த்தால் முன்பல் பதிந்த மாதிரி வெள்ளையாக இரண்டு கோடு, சுற்றிலும் சிவப்பு. மேல் உதடு வெளியே வெடித்திருக்கிறது, சிரித்தால் ரத்தம் வருகிறது. ரசம் சோறு கூட எரிகிறது.

மருந்துக்கடையில் லிப் பாம் ஒன்று வாங்கினேன். போட்டதும் ஜில்லென்று இருக்கிறது, அரை மணி நேரத்தில் முன்பைவிட அதிகமாகக் காய்கிறது. வாசிக்கும் முன் போட்டால், வாயில் வைத்து ஊதும் நாணல் சீவாளி வழுக்குகிறது. வாத்தியாரிடம் சொன்னேன், பழகிவிடும் என்றார். தை 5 அன்று ஒரு கல்யாணத்துக்கு இரண்டாம் நாயனமாக, அதாவது துணை நாகஸ்வரமாக, வரச் சொல்லியிருக்கிறார்கள், எனக்கு முதல் கச்சேரி மாதிரி அது. இன்னும் 17 நாள்தான் இருக்கிறது. வாசிப்பை நிறுத்தினால் உதடு தளர்ந்துவிடுமோ என்று பயம், நிறுத்தாவிட்டால் புண் ஆறாதோ என்றும் பயம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மல்லாரி:

தம்பி, மருந்து அப்புறம் பார்க்கலாம். முதலில் இதற்கெல்லாம் பதில் சொல்லு. உன் நாகஸ்வரம் குட்டையான திமிரியா, நீளமான பாரியா? சீவாளி எப்போது வாங்கியது, எத்தனை நாள் பழகியது? வாசிக்கும் முன் எவ்வளவு நேரம் நனைக்கிறாய்? கோயிலில் உன்னோடு யார் யார் வாசிக்கிறார்கள்? ஒரே மூச்சாக எவ்வளவு நேரம் வாசிக்கிறாய்? மேல் ஸ்தாயியில் நிற்கும்போது எங்கே வலிக்கிறது, உதட்டிலா, தாடையிலா, கன்னத்திலா? வெற்றிலை பாக்கு உண்டா?

இரண்டாம்வருடம்:

ஐயா, தாத்தாவுடைய பழைய திமிரி. பள்ளியில் வாசிப்பது பாரி, வீட்டிலும் கோயிலிலும் திமிரிதான். சீவாளி கார்த்திகை கடைசியில் ஒரு டஜன் புதிதாக வாங்கினேன், அதில் முதலில் கைக்கு வந்ததை எடுத்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். நனைப்பது என்றால் வாயில் வைத்து ஒரு நிமிடம் இருக்கும். கோயிலில் நான் மட்டும்தான். தவில்காரர் வெள்ளிக்கிழமையும் விசேஷ நாளும் மட்டும் வருவார். மற்ற நாளில் ஸ்ருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் வாசிப்பேன், நடுவில் நிறுத்தினால் வெறிச்சென்று இருக்கிறது என்று நிறுத்துவதில்லை. மேல் ஷட்ஜம் தாண்டினால் உதட்டில்தான் வலி, கொஞ்ச நேரத்தில் தாடையும் இறுகிவிடுகிறது. பாக்கு கோயிலில் கொடுத்தால் போடுவேன், தினமும் இல்லை.

மல்லாரி:

நினைத்தது சரியாகப் போயிற்று. உன் உதட்டில் இருப்பது பல் போட்ட புண். பல்லைப் போட வைத்தது சீவாளி. அதைவிடப் பெரிய காரணம், நீ மூன்று பேர் செய்கிற வேலையைத் தனியாகச் செய்கிறாய்.

சீவாளியை முதலில் சொல்கிறேன். புதுச் சீவாளி தடித்திருக்கும், வாய் அதிகமாகத் திறந்திருக்கும். அதை அசைக்கக் காற்று நிறைய வேண்டும். காற்று போதாதபோது, உதட்டால் நெரித்து அதன் வாயைச் சிறிதாக்கினால் ஓசை வந்துவிடும். ஸ்ருதி இறங்கினாலும் இதே கதைதான், வயிற்றிலிருந்து காற்றைக் கூட்டாமல் உதட்டை இறுக்கினால் ஸ்வரம் மேலே ஏறிவிடும். குறுக்கு வழி உடனே பலன் தருகிறது, அதனால் உடம்பு அதையே கற்றுக்கொள்கிறது. உதடு மெத்தை மாதிரிதான், அதற்குப் பின்னால் பல் இருக்கிறது. சீவாளிக்கும் பல்லுக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் அதை வைத்து நசுக்கினால் உள்பக்கம் வெட்டுப்படத்தான் செய்யும். திமிரி ஸ்ருதி கூடின வாத்தியம், அது பாரியைவிட அதிகமாகக் காற்று கேட்கும். நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை காலத்தில், நாகஸ்வரம் செய்யும் ஊரான நரசிங்கம்பேட்டையில் பாரியை நீளமாகச் செய்து ஸ்ருதியை இறக்கினார்கள், அதற்குப் பிறகு கச்சேரிக்குப் பாரிதான் என்று ஆகிவிட்டது. பகலில் பாரி, விடிகாலை திமிரி என்று மாறி மாறி வாசித்தால் உதட்டுக்கு அளவு பிடிபடாது. மார்கழி முடியும் வரை ஏதாவது ஒன்றோடு இரு.

சீவாளியை மாற்று. அந்த டஜனில் எல்லாவற்றையும் ஒரு கிண்ணம் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொன்றாக வாத்தியம் இல்லாமல் வெறுமனே ஊதிப் பார். லேசாக ஊதினாலே படபடவென்று பேசுகிறது என்றால் அது உனக்கு. கன்னம் உப்பினால்தான் பேசும் என்பதைத் தனியே எடுத்து வை, அதைத் தினமும் பத்து நிமிடம் வாசித்துப் பழக்கிக்கொண்டு வந்தால் வைகாசிக்கு ஆகும். திறப்பு அதிகமாக இருந்தால் நனைந்த பிறகு விரலால் இரண்டு பக்கமும் மெதுவாக அழுத்திச் சரிசெய், அடைத்துக்கொண்டால் வாத்தியத்தில் கட்டியிருக்கிற கொத்தில் தொங்குகிற ஊசியை விட்டுத் திற. காய்ந்த சீவாளியை அழுத்தினால் பிளந்துவிடும். விடிகாலை நாலரை மணிப் பனியில் ஒரு நிமிடம் வாயில் வைத்தது நனைத்ததாகாது. கிளம்பும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து பத்து நிமிடம் போட்டு, ஈரத்தோடு ஒரு டப்பாவில் எடுத்துப் போ.

இனி ஓய்வு. ஒரு மேளச் செட்டில் ஏன் இரண்டு நாயனம், இரண்டு தவில், ஸ்ருதி பிடிக்க ஒத்து என்று இருந்தது? கம்பீரத்துக்கு மட்டும் என்று நினைக்காதே. ஒருவர் ஆலாபனை செய்யும்போது மற்றவர் உதட்டை எடுத்துவிடுவார். அவர் பிடித்துக்கொண்டதும் இவர் எடுப்பார். தவில் மட்டும் தனியாக வாசிக்கிற தவில் தனி நடக்கும்போது இரண்டு பேருமே சீவாளியைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ராத்திரி முழுக்க சுவாமி புறப்பாட்டுக்கு வாசித்தவர்களின் உதடு தாங்கியது இதனால்தான். ஓய்வு நிகழ்ச்சிக்குள்ளேயே இருந்தது, யாரும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. இப்போது செலவுக்குப் பயந்து கோயிலில் ஒரே ஒரு பையனை நிறுத்தி, கூட ஒரு ஸ்ருதிப் பெட்டியை வைத்துவிட்டார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. உன்மேல் தவறில்லை தம்பி, ஆனால் இனி ஓய்வை நீயே வைத்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம் வாசி, ஐந்து நிமிடம் எடு. அந்த இடைவெளியில் கோயில் மணி இருக்கிறது, பாசுரம் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெறிச்சென்று இருக்காது.

திருச்சி_கிளாரினெட்:

மேலே ஐயா சொன்னது கிளாரினெட்டுக்கும் அப்படியே பொருந்தும். எங்களுக்கு ஒற்றைப் பட்டை ரீட், மேல் பல் மவுத்பீஸ் மேல் உட்காரும், கீழ் உதட்டைக் கீழ்ப் பல் மேல் மடித்து வைப்போம். அதனால் புண் எப்போதும் கீழ் உதட்டின் உள்பக்கம்தான். நான் படித்த காலத்தில் ஒரு மாதம் முழுக்க அதே இரண்டு கோடு இருந்தது.

எனக்கு உதவியது இரண்டு விஷயம். ஒன்று, கீழ் முன்பற்களின் விளிம்பை நாக்கால் தடவிப் பாருங்கள். ஒரு பல் மட்டும் கத்தி மாதிரி கூராக இருக்கும். எனக்கு ஒரு பல் சிறிது திரும்பி நின்றது, பல் டாக்டர் அதன் முனையை லேசாக உருட்டிவிட்டார், ஐந்து நிமிட வேலை. நாமே அரம் வைத்து ராவக் கூடாது, எனாமல் போனால் திரும்ப வராது. இரண்டாவது, பல்லுக்கு மேல் மெத்தை. பல்லுக்குக் கம்பி கட்டியவர்களுக்குக் கொடுக்கும் மெழுகு மருந்துக்கடையில் கிடைக்கும். பட்டாணி அளவு எடுத்து உருட்டிக் கீழ்ப் பற்கள் மேல் ஒட்டி அமுக்கிவிட்டால் விளிம்பு தெரியாது. பழைய ஆட்கள் சிகரெட் சுருட்டும் மெல்லிய தாளை நான்காக மடித்து வைப்பார்கள். தாள் நனைந்து கரையும், மெழுகு நன்றாக நிற்கும். முதல் இரண்டு நாள் ஓசை மந்தமான மாதிரி தோன்றும், வாய்க்குள் மட்டும்தான் அப்படி, வெளியே கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

ஆனால் மெழுகைப் புண் ஆறும் வரை மட்டும் வையுங்கள். மெழுகு இருக்கிறது என்ற தைரியத்தில் இன்னும் கடிக்கத் தோன்றும், எனக்குத் தோன்றியது.

பழையமுறை:

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் மெழுகும் மருந்தும். என் அப்பா 40 வருடம் வாசித்தார். உதட்டில் ரத்தம் வந்த நாளெல்லாம் உண்டு, துண்டால் துடைத்துவிட்டு அடுத்த கீர்த்தனை எடுப்பார். உதடு காய்ப்புக் காய்க்க வேண்டும், தச்சர் கை மாதிரி. தம்பி, உன் வாத்தியார் சொன்னது சரி, விடாமல் வாசி, பழகிவிடும். நான் கோபத்தில் சொல்லவில்லை, வித்தை போய்விடக் கூடாது என்ற கவலையில்தான் சொல்கிறேன்.

மல்லாரி:

அண்ணா, உங்கள் அப்பா மாதிரியானவர்களால்தான் இந்த வாத்தியம் நம் கைக்கு வந்தது, அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் உள்ளங்கை காய்க்கிற மாதிரி உதட்டின் உள்பக்கம் காய்க்காது. அங்கே ஈரமான மெல்லிய சதை. பலப்படுவது தோல் இல்லை, வாயைச் சுற்றி வளையமாக இருக்கிற தசை. தசை பலப்பட வேலையும் வேண்டும், வேலைக்கு நடுவில் ஓய்வும் வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். எனக்கு 24 வயதில் ஒரு வைகாசி முழுக்க முகூர்த்தம், புண்ணோடேயே வாசித்தேன். நிறுத்தவில்லை. என்ன ஆயிற்று என்றால், வலிக்கிற இடத்தைத் தவிர்க்க சீவாளியை என்னை அறியாமல் வலது ஓரத்துக்கு நகர்த்திவிட்டேன். புண் இருபது நாளில் ஆறிவிட்டது, சீவாளி மட்டும் ஓரத்திலேயே நின்றுவிட்டது. இடது ஓரத்தில் காற்று ஒழுக ஆரம்பித்தது, ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கிற கார்வை நிற்கவில்லை, கீழே மந்திர ஸ்தாயி உடைந்தது. மறுபடி நடுவுக்குக் கொண்டுவர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று, கண்ணாடி முன் உட்கார்ந்து வெறும் கார்வை மட்டும் வாசித்தேன். அந்த வருடத்தில் போன வாய்ப்புகள் திரும்ப வரவில்லை. பதினைந்து நாள் குறைத்து வாசித்திருந்தால் போதும். அதனால்தான் இந்தப் பையனிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பழையமுறை:

மல்லாரித் தம்பி சொன்னதை யோசித்தேன். அப்பாவும் கடைசி ஐந்தாறு வருடம் வாயை ஒரு பக்கம் கோணிக்கொண்டுதான் வாசித்தார், வயது ஆகிவிட்டது என்று நினைத்திருந்தேன். அவர் காலத்தில் இதைக் கேட்க ஆள் இல்லை. பையன் ஓய்வு எடுக்கட்டும்.

பல்மருத்துவர்_நெல்லை:

இந்த இழையை என்னிடம் வரும் ஒரு நாயனக்காரர் அனுப்பினார். நான் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் வாத்தியம் வாசிப்பவர்கள் எல்லா உதட்டுப் புண்ணையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள், அதைப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

தம்பிக்கு இருப்பது பல் அழுத்தத்தால் வந்த காயம் போலத்தான் தெரிகிறது. அழுத்தம் நின்றால் ஒரு வாரம் பத்து நாளில் ஆற வேண்டும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு, சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்னும் அரை நிமிடம் கொப்பளியுங்கள். உப்பைப் புண்மேல் நேராகத் தேய்க்க வேண்டாம், சிலர் செய்கிறார்கள். காரம், புளிப்பு, கொதிக்கிற காபி ஒரு வாரம் குறைத்துக்கொள்ளுங்கள். நுரை அதிகம் வரும் பற்பசை சிலருக்குப் புண்ணை எரிய வைக்கும், சோடியம் லாரில் சல்பேட் இல்லாத பற்பசை என்று கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மரத்துப்போக வைக்கும் ஜெல் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சாப்பிடும் முன் போடலாம். வாசிக்கும் முன் போடவே கூடாது. வலி தெரியாவிட்டால் எவ்வளவு கடிக்கிறோம் என்று தெரியாது, எழுந்து வரும்போது புண் இரண்டு மடங்காகியிருக்கும். அப்படி ஆழமாக வெட்டுப்பட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இந்த ஜெல்களைக் கேட்காமல் வாங்கிக் கொடுக்காதீர்கள், சிலவற்றில் ஆஸ்பிரின் வகை மருந்து இருக்கிறது.

உதட்டின் வெளி விளிம்பில் முதலில் குறுகுறுவென்று அரித்து, மறுநாள் கொத்துக் கொத்தாகச் சின்ன நீர்க் கொப்புளம் வந்தால் அது வாத்தியத்தால் வந்த புண் இல்லை, ஹெர்பிஸ் வைரஸ். வெயில், காய்ச்சல், உதட்டில் அடி, அலைச்சல் எல்லாம் அதைக் கிளப்பும். அரிப்பு தொடங்கியதுமே மருத்துவரைக் கேட்டு அசைக்ளோவிர் களிம்பு போட்டால் கொஞ்சம் சீக்கிரம் அடங்கும், கொப்புளம் உடைந்த பிறகு போட்டு அதிகப் பயன் இல்லை. அந்த நாட்களில் உங்கள் சீவாளியை யாரும் தொடக் கூடாது, நீங்களும் வாசிக்காமல் இருப்பது நல்லது.

வாயின் இரண்டு ஓரத்திலும் வெடித்து வெள்ளையாக ஊறினால் பெரும்பாலும் பூஞ்சை, அல்லது ரத்தசோகை, பி வைட்டமின் குறைவு. எச்சில் ஒழுகி ஓரம் எப்போதும் ஈரமாக இருப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். மெழுகும் நெய்யும் தடவி அது போகாது, காரணத்தைப் பார்க்க வேண்டும்.

வெற்றிலை பாக்கு. சுண்ணாம்பு ஏற்கெனவே இருக்கிற புண்ணைச் சுடும், அது எல்லோருக்கும் தெரியும். பாக்கு அதைவிட மோசம். புகையிலை சேர்க்காத பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2003இல் அறிவித்தது. அதற்கு முன்பே இன்னொன்று நடக்கும்: கன்னத்தின் உள்பக்கம் நார் மாதிரி இறுகி, வாய் திறப்பு சிறிது சிறிதாகக் குறையும். உதடும் கன்னமும் வளைந்து கொடுத்தால்தான் உங்கள் தொழில். இறுகின சதை பழையபடி ஆவதில்லை. மேளக்காரர் என்றால் வெற்றிலைப் பெட்டி என்று இருக்கிற பழக்கத்தை இந்த ஒரு விஷயத்திலாவது இளையவர்கள் விட வேண்டும் என்று கையெடுத்துக் கேட்கிறேன்.

கடைசியாக, எந்தப் புண்ணாக இருந்தாலும் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால், வலி இல்லை என்றாலும், நேரில் காட்டுங்கள். தம்பிக்குப் பத்து நாள் ஆகிவிட்டது. இன்னும் நான்கைந்து நாள் பாருங்கள், சுருங்க ஆரம்பிக்கவில்லை என்றால் போய்விடுங்கள்.

தூத்துக்குடி_டிரம்பெட்:

ஆலயப் பாடகர் குழுவில் டிரம்பெட் வாசிக்கிறேன், கிறிஸ்துமஸ் முடிந்து இப்போதுதான் உதடு மூச்சு விடுகிறது. எங்களுக்குப் பல் புண் குறைவு, உதட்டில் உலோக வளையம் பதிந்து வீங்கும். காரணம் ஒன்றுதான், மேல் ஸ்வரம் எட்டாதபோது இடது கையால் வாத்தியத்தை முகத்தோடு அழுத்துவது. அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் எவ்வளவு பெரியவர், அவரே உதடு கிழியக் கிழிய வாசித்து, 1934-35 வாக்கில் பல மாதம் டிரம்பெட்டைத் தொடாமல் இருக்க வேண்டி வந்தது. அவருடைய செல்லப் பெயரான சாட்ச்மோவை வைத்தே, வாயைச் சுற்றியுள்ள தசை கிழிவதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது. அது புண் மாதிரி வெளியே தெரியாது. திடீரென்று மேல் ஸ்வரம் போய்விடும், உதட்டில் ஒரு இடம் பலவீனமாக இருக்கும், ஓய்வு எடுத்தும் திரும்பாது. அப்படி இருந்தால் களிம்பு தேடாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

நான் செய்வது: வாசித்து முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து உதட்டில் ஐந்து நிமிடம் வைப்பேன். அப்புறம் குதிரை கனைப்பது மாதிரி உதட்டைத் தளர்த்திப் படபடவென்று ஊதுவேன், ரத்த ஓட்டம் திரும்பி விறைப்பு போகும். வாசிக்கும் இடைவெளியிலும் அதையே செய்யலாம். உதடு காய்கிறதென்று நாக்கால் நனைத்துக்கொண்டே இருக்காதீர்கள், எச்சில் காயும்போது இருக்கிற ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகும். தண்ணீர் குடியுங்கள். பனிக்காலத்தில் தாகம் எடுக்காது, அதனால் நாம் குடிப்பதில்லை.

பாரி_வாசிப்பவள்:

தம்பி, அந்த லிப் பாம் அட்டையில் மென்தால், கற்பூரம் என்று போட்டிருக்கிறதா பார். ஜில்லென்று இருக்கிறது என்றாயே, அதுதான் எரிச்சலூட்டிக் காயவைக்கிறது. தூக்கிப் போட்டுவிடு. எதுவும் கலக்காத வாசலின் போதும், இல்லையென்றால் வீட்டில் செய்துகொள்ளலாம். தேன்மெழுகு ஒரு பங்கு, தேங்காய் எண்ணெய் மூன்று பங்கு. கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்து மெழுகு உருகினதும் எண்ணெயைக் கலந்து சின்ன டப்பாவில் ஊற்றி ஆறவிடு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி தாண்டினாலே உருகிவிடும், அதனால் சித்திரை வைகாசியில் மெழுகைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். வாசனைக்கு எதுவும் சேர்க்காதே. அவசரத்துக்குப் பசுநெய்யும் நல்லதுதான், எங்கள் வீட்டில் அதுதான் தடவுவார்கள்.

எப்போது போடுவது என்பதுதான் முக்கியம். படுக்கும் முன் நன்றாகப் பூசு. காலையில் வாசிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிடு. எண்ணெய்ப் பிசுக்கு சீவாளியில் ஏறினால் நாணல் தண்ணீரை உறிஞ்சாது, ஓசை அடைத்துப் போகும். வழுக்கும் உதடு பிடிமானத்துக்காக இன்னும் இறுக்கும், புண் இன்னும் பெரிதாகும். வாசித்து முடித்து வாயை அலம்பிவிட்டு மறுபடி போடு. மேடைக்கு லிப்ஸ்டிக் போடுகிற பெண்களுக்கும் இதையேதான் சொல்வேன். நான் போடுவதே இல்லை, அதற்காக யார் என்ன சொன்னாலும் சரி.

மணத்தக்காளிக் கீரையைப் பாசிப்பருப்போடு கூட்டாகச் செய்து ஒரு வாரம் சாப்பிடு, காரமில்லாமல் இறங்கும், வாய்க்கும் இதம். ஆனால் கீரை சாப்பிட்டுக்கொண்டே ஒன்றரை மணி நேரம் கடித்து வாசித்தால் ஒரு பயனும் இல்லை.

இன்னொன்று, சீவாளியைக் கடன் கொடுக்காதே, வாங்காதே. நான் படித்தபோது ஒரே சீவாளியை நான்கு பேர் ஊதிப் பார்ப்போம், ஒருத்திக்கு உதட்டுக் கொப்புளம், பத்து நாளில் மூன்று பேருக்கு வந்தது. வாத்தியார் ஊதிக் காட்டினால் அவர் சீவாளியில் காட்டட்டும். மரியாதையாகச் சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாம்வருடம்:

எல்லோருக்கும் நன்றி. எட்டு நாள் கழித்து வந்து எழுதுகிறேன்.

டஜனில் எல்லாவற்றையும் நனைத்து ஊதிப் பார்த்தேன், மூன்று சீவாளி லேசாகப் பேசியது, நான் வாசித்துக்கொண்டிருந்தது இருப்பதிலேயே தடித்தது. திமிரியைத் துணி சுற்றி வைத்துவிட்டேன். பள்ளியில் கேட்டுப் பாரியை வீட்டுக்கும் எடுத்து வந்தேன், கோயிலுக்கும் அதுதான். முதல் நான்கு நாள் காலையில் மொத்தமே அரை மணி நேரம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துவிட்டேன். அர்ச்சகரிடம் போய் உதட்டில் புண், நடுநடுவே நிறுத்துவேன் என்று சொன்னேன். அவர் முன்பே சொல்லியிருக்கலாமே என்று சொல்லிவிட்டு, வெந்நீர் ஒரு சொம்பு வைக்கச் சொன்னார். சாயங்கால சாதகத்தில் ஸ்வரம் வாயால் பாடுவதும், விரல் மட்டும் வைத்துப் பழகுவதும்தான்.

வெள்ளைக் கோடு ஒன்று மறைந்துவிட்டது. இன்னொன்று பாதி இருக்கிறது, தொட்டால் வலி இல்லை. மேல் உதடு வெடிப்பு மூடிவிட்டது. ஒரு சந்தேகம்: உதட்டை இறுக்காமல் மேல் ஸ்தாயி போகப் பார்த்தால் ஸ்ருதி கீழே நிற்கிறது. கேட்கவே சகிக்கவில்லை. கல்யாணத்தில் எப்படி?

மல்லாரி:

நிற்கட்டும், பயப்படாதே. இவ்வளவு நாள் உதடு தூக்கிப் பிடித்திருந்ததை இப்போது வயிறு தூக்க வேண்டும், அதற்கு நாளாகும். தினமும் மத்திய ஸ்தாயி பஞ்சமத்தில் ஒரு கார்வை பிடி, அதே காற்றைக் குறைக்காமல் தைவதம், நிஷாதம், மேல் ஷட்ஜம் என்று ஏறு. உதடு இறுகுகிற இடத்தில் நிறுத்தி இறங்கிவிடு, மறுநாள் அந்த இடம் ஒரு ஸ்வரம் தள்ளிப் போயிருக்கும். தோள் உயர்ந்தால் காற்று நெஞ்சிலிருந்து வருகிறது என்று அர்த்தம். ஒரு கையை விலாவுக்குக் கீழே வைத்துக்கொண்டு வாத்தியம் இல்லாமல் சீவாளியை மட்டும் ஊதிப் பார், கை வெளியே தள்ளப்பட வேண்டும்.

கல்யாணத்தில் நீ இரண்டாம் நாயனம். முதல் நாயனம் வாசிக்கிற பெரியவர் மேல் ஸ்தாயியில் நிற்கும்போது நீ கீழ் ஷட்ஜத்தைப் பிடித்து நில், அது அவருக்கும் பலம். முதல் நாள் மாப்பிள்ளை அழைப்பில் ஊர்வலமாக நடந்துகொண்டே வாசிக்கும்போதுதான் உதடு அதிகமாக அடிபடும், ஒவ்வொரு அடிக்கும் வாத்தியம் பல்லில் இடிக்கும். மெதுவாக நட, வாத்தியத்தின் அகன்ற கீழ் முனையான அணசைத் தூக்கிப் பிடிக்காமல் இயல்பாகக் கீழே விடு. பெரியவரிடம் போனதுமே சொல்லிவிடு, உதட்டில் புண் இருந்து இப்போதுதான் ஆறுகிறது என்று. தொழிலில் இருக்கிறவருக்கு அது புரியும்.

திருச்சி_கிளாரினெட்:

ஊர்வலத்துக்கு மட்டும் அந்த மெழுகை வைத்துக்கொள் தம்பி. முகூர்த்தத்துக்கு உட்கார்ந்து வாசிக்கும்போது எடுத்துவிடலாம்.

இரண்டாம்வருடம்:

தை 7. கல்யாணம் முடிந்து ஊருக்கு வந்துவிட்டேன். பெரியவரிடம் சொன்னேன். அவர் என் சீவாளியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். ஊர்வலத்தில் மெழுகு வைத்துக்கொண்டேன், பாதி வழியில் கழன்றுவிட்டது, மறுபடி ஒட்டினேன். தவில் தனியின்போது அவர் உதட்டை எடுத்துவிட்டு என்னையும் பார்த்துக் கண்ணைக் காட்டினார், நானும் எடுத்துவிட்டேன். கெட்டிமேளம் முடியும் வரை தாங்கியது. இரவில் உதடு கொஞ்சம் தடித்திருந்தது, துணி நனைத்து வைத்தேன், காலையில் சரியாகிவிட்டது. புதிதாகப் புண் இல்லை. பழைய கோடு இருந்த இடம் லேசாக ரோஜா நிறத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பெரியவர் மாசி மாதம் கோயில் உற்சவத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார், ஐந்து நாள், ராத்திரிப் புறப்பாடு. தடித்த சீவாளிகளை ஐயா சொன்ன மாதிரி பத்துப் பத்து நிமிடம் பழக்கிக்கொண்டிருக்கிறேன். வாசித்த பிறகு அவற்றை எப்படி வைப்பது? டப்பாவில் மூடி வைத்தால் பூஞ்சை மாதிரி கறுப்பாக ஏதோ வருகிறது.

மல்லாரி:

ஈரத்தோடு மூடி வைக்காதே. நல்ல தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, நூல் கோத்துக் காற்றாட நிழலில் தொங்கவிடு, வெயிலில் வேண்டாம். காய்ந்த பிறகு டப்பா. கறுப்பு ஏறினதை எடுத்து எறிந்துவிடு, அதை வாயில் வைக்காதே. உற்சவத்துக்கு நான்கு சீவாளியாவது தயாராக இருக்கட்டும், ஒரு ராத்திரிக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி வாசி. எந்த ஊர் உற்சவம் என்று தனிச்செய்தியில் சொல்லு, பக்கத்தில் என்றால் நானும் ஒரு நாள் வந்து உட்கார்ந்து கேட்கிறேன்.